விரலின் சாட்சியம்

மனித தேகத்தில் ஸ்பரிச உணர்ச்சி மிகக் கூர்மையாக அமைந்திருக்கும் இடங்களுள் ஒன்று விரல் நுனி. மிக மந்தமாக அமைந்திருக்கும் இடங்களுள் ஒன்று முதுகு. லைப்சிக் நகரத்துச் சர்வகலாசாலையில் உடற்கூறு போதித்த எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வேபர் என்பவர், கவராயத்தின் இரு முனைகளையும் தோலின்மேல் ஒருசேர வைத்து, அவை ஒன்றல்ல, இரண்டு என்று கண்ணை மூடிக்கொண்டிருப்பவனுக்குத் தெரிய வேண்டுமானால் எவ்வளவு தூரம் விலகியிருக்க வேண்டும் என்பதை உடம்பின் பல பாகங்களிலும் பரிசோதித்து, 1834-ஆம் ஆண்டில் லத்தீன் மொழியில் ஒரு நூலாக வெளியிட்டார். விரல் நுனியில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விலகினாலே போதுமானதாயிருந்தது. முதுகிலோ 4 சென்டிமீட்டருக்குக் குறையாமல் விலக வேண்டியிருந்தது. ஆகவே, ஒருவனுடைய முதுகை மற்றொருவன் விரலால் அழுத்திப் பார்க்கும்போது அங்கே நிகழ்வது சமமான இருவரிடையே நடக்கும் சம்பாஷணை அன்று. கேட்கிறவன் மிக நுட்பமானவன், விடை சொல்கிறவனோ தனக்கு வலி எந்த இடத்தில் என்பதைக்கூடத் திட்டமாகச் சொல்லத் தெரியாமல், கையைப் பின்னால் மடக்கி எட்டிய மட்டும் காட்டி, "இங்கேதான் எங்கேயோ பிடிச்சிருக்குதுங்க" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறவன். விரல் சரியான இடத்தைத் தொட்டுவிட்டால் மாத்திரம் அவன் சட்டென்று, "அதேதான், அதேதான்!" என்று கூவுகிறான். தன் முதுகில் தனக்கே தெரியாதிருந்த ஒன்றை அந்நியனுடைய விரல் கண்டுபிடித்துவிட்டதே என்ற ஆச்சரியமும், அதன் பயனாக அந்த விரலின்மேல் எழுகிற அபாரமான நம்பிக்கையும் அந்தக் கணத்தில்தான் பிறக்கின்றன.

அந்த நம்பிக்கை நியாயமானதா என்பதே இங்கே விசாரிக்கத் தக்க விஷயம். முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் தசைகளை விரலால் உருட்டிப் பார்த்துப் பழகியவர்கள், எந்தத் தேசத்தாராக இருந்தாலும், எந்த வைத்திய முறையைச் சார்ந்தவராக இருந்தாலும், ஏறக்குறைய ஒரே அனுபவத்தைத்தான் வர்ணிக்கிறார்கள்: ஓர் இடத்தில் தசை கயிறு போல் திரண்டிருக்கிறது, அல்லது பிசைந்த மாவு போல் கொழகொழவென்று இருக்கிறது, அண்டை அயலைவிடச் சற்றுச் சூடாகவோ ஈரமாகவோ படுகிறது, அழுத்தினால் நோகிறது, அதன் அடியிலுள்ள முள்ளெலும்பு மற்றவற்றைப் போல் இளகி அசைந்து கொடுப்பதில்லை. இவ்வளவும் விரல் கண்டவை. ஆனால் விரலுக்குச் சொந்தக்காரர் அத்துடன் நிற்பதில்லை. "தசை இறுகிப் போய்விட்டது", "நரம்பு அதைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது" என்று அடுத்த வாக்கியத்தையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறார். முதல் வாக்கியம் பிரத்தியட்சம். இரண்டாவது வாக்கியம் அனுமானம். மலையின்மேல் புகை கண்டு நெருப்பு உண்டென்று அனுமானிப்பதற்கு நம்முடைய நியாய சாஸ்திரிகள் இடம் கொடுத்தார்கள். ஆனால், கண்டது புகைதானா, விடியற்காலத்துப் பனிமூட்டமா என்று முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையையும் அவர்களே விதித்தார்கள். முதுகுத் தசை விஷயத்தில் அந்த நிச்சயத்தைத் தேடி மனிதன் மின்சாரத்தின் உதவியை நாடிய கதை சுவாரசியமானது; அதன் முக்கியமான இரு காட்சிகளும், எழுபது ஆண்டு இடைவெளியில், ஒரே சிற்றூரில் நடந்தன என்பது அதைவிடச் சுவாரசியமானது.

அந்த ஊர் அமெரிக்காவில் மிசௌரி மாகாணத்திலுள்ள கர்க்ஸ்வில். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்னும் நாட்டுப்புற டாக்டர், 1864-ஆம் ஆண்டில் மூளைக் காய்ச்சலுக்குத் தம் மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்துவிட்டு, தாம் அதுவரை கையாண்ட மருந்துகளின்மேல் தீராத வெறுப்புற்று, பத்து வருஷம் எலும்புகளையும் சவங்களையும் ஆராய்ந்து, எலும்பும் தசையும் தம் நிலையில் ஒழுங்காக அமைந்துவிட்டால் உடம்பு தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும் என்ற முடிவுக்கு வந்து, 1874-இல் ஆஸ்டியோபதி என்ற புது வைத்திய முறையைப் பிரகடனம் செய்தார். சிறு பிராயத்தில் தமக்குத் தலைவலி வந்தபோது, ஏர்க் கயிற்றை இரண்டு மரங்களுக்கிடையே தரைக்குச் சமீபமாகக் கட்டி, அதன்மேல் பிடரியை வைத்துப் படுத்துத் தூங்கி எழுந்ததும் வலி நீங்கிவிட்டது என்று அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தம் சித்தாந்தத்தின் வித்து அந்தக் கயிறுதான் என்பது அவருடைய அபிப்பிராயம். 1892-இல் கர்க்ஸ்வில்லில் அவர் தொடங்கிய பள்ளியில் மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட முக்கியமான வித்தைகளுள் ஒன்று விரலால் பார்ப்பது. ஸ்டில் பெரிய தீர்க்கதரிசியா, பெரிய பிடிவாதக்காரரா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அன்று. இரண்டுமாகவே இருந்திருக்கலாம். ஆனால் விரல் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் அதைப் பரிசோதனைச் சாலையில் சாட்சிக் கூண்டிலே ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்ற எண்ணம், அவருடைய எதிரிகளிடத்திலே அல்லாமல், அவருடைய பள்ளிக்குள்ளேயே உதயமாயிற்று என்பதை அந்தப் பள்ளியின் பெருமையாகவே கொள்ள வேண்டும்.

விசாரணைக்கு வேண்டிய கருவி அதற்குள் தயாராகியிருந்தது. தவளைக் காலில் மின்சாரம் பாய்ந்தால் தசை துடிக்கிறது என்று கால்வானி 1791-இல் எழுதிய நாள் முதலாக, தசைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு ஐரோப்பிய விஞ்ஞானிகளின் மனத்தை விட்டு அகலவே இல்லை. பெர்லினில் டுபுவா-ரேமோன் என்பவர், மனிதன் தன் இச்சையால் கையை முறுக்கும்போது தசையில் மின்னோட்டம் எழுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் காட்டினார். தோல் குறுக்கே நின்று மின்னோட்டத்தைத் தடுக்கிறது என்பதற்காகத் தோலில் கொப்புளம் எழுப்பி அதை உரித்துவிட்டு அளந்தார் என்றால், அந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்களின் வைராக்கியத்தை நாம் ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். 1929-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் ப்ரோங்க்கும் ஒரு மெல்லிய குழாய் ஊசிக்குள்ளே காப்பிட்ட கம்பியைச் செலுத்தித் தசைக்குள் குத்தி, ஒரு நரம்பணுவுக்குக் கட்டுப்பட்ட சில தசை நார்களின் துடிப்பைத் தனியே பிரித்துப் பதிவு செய்தார்கள். பதிவு செய்ததோடு நில்லாமல் அதை ஒலிபெருக்கியில் இணைத்துக் காதால் கேட்கவும் செய்தார்கள். இன்றும் நரம்பு வைத்தியர்கள் தசையைப் பரிசோதிக்கும்போது திரையைப் பார்ப்பதோடு காதையும் பெரிதும் நம்புகிறார்கள்.

இந்தக் கருவியைக் கொண்டுதான் கர்க்ஸ்வில்லைச் சேர்ந்த ஸ்டெட்மன் டென்ஸ்லோ 1940-களின் தொடக்கத்தில் தம் சோதனைகளைச் செய்தார். பிறகு இர்வின் கோர் என்னும் உடலியல் அறிஞர் அவருடன் வந்து சேர்ந்தார். அவர்கள் செய்தது இதுதான்: முதுகின் நடுவே உள்ள முள்ளெலும்பின் முனையை, அழுத்தத்தின் அளவைக் காட்டும் கருவியால் சிறிது சிறிதாக அழுத்தினார்கள், அதன் அருகிலுள்ள தசையில் மின் துடிப்பு எந்த அழுத்தத்தில் எழுகிறது என்று குறித்துக்கொண்டார்கள். சில இடங்களில் லேசாகத் தொட்டாலே தசை விழித்துக்கொண்டது. வேறு சில இடங்களில் எவ்வளவு அழுத்தியும் உறங்கிக்கொண்டிருந்தது. எளிதில் விழித்த இடங்களோ, தேர்ந்த விரல்கள் முன்பே விகாரம் என்று குறித்து வைத்த இடங்களோடு பெரும்பாலும் பொருந்தின. இன்னொரு விசித்திரத்தையும் அவர்கள் கண்டார்கள். விகாரமான இடத்திலுள்ள தசையை, வெகுதூரத்திலுள்ள வேறொரு முள்ளெலும்பை அழுத்தியும் எழுப்பிவிட முடிந்தது. ஆனால் விகாரமான இடத்தை அழுத்தி, அமைதியாயிருந்த தூரத்துத் தசையை எழுப்ப முடியவில்லை. தண்டுவடத்தின் அந்தக் கண்டத்திலுள்ள நரம்பணுக்கள் எப்போதும் எழுச்சியின் விளிம்பிலேயே நிற்கின்றன, உடம்பின் எந்த மூலையில் சந்தடி எழுந்தாலும் முதலில் பதறுவது அவைதாம் என்று கோர் வியாக்கியானம் செய்தார். 1947-இல் அமெரிக்க உடலியல் சஞ்சிகையில் வெளியான அவர்களுடைய கட்டுரை, விரல் வைத்தியர்களுக்கு வெகுகாலமாகக் கிடைக்காதிருந்த விஞ்ஞான அந்தஸ்தை ஒரே நாளில் கொடுத்துவிட்டது.

கொடுத்ததில் ஓர் ஆபத்தும் இருந்தது. டென்ஸ்லோவும் கோரும் காட்டியது, அழுத்தினால் எளிதில் துடிக்கிறது என்பது. அதைப் படித்த பலர் புரிந்துகொண்டது, அழுத்தாமலே துடித்துக்கொண்டிருக்கிறது என்பது. இந்த இரண்டுக்கும் உள்ள பேதம் சாமானியமானது அன்று. சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டு எழுகிறவன், ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறவன் ஆகிவிடமாட்டான். ஆனாலும், வலி தசையைச் சுருக்குகிறது, சுருங்கிய தசை வலியை வளர்க்கிறது, வளர்ந்த வலி மேலும் சுருக்குகிறது என்ற சக்கரம் அதே காலத்தில் வைத்திய நூல்களில் ஸ்திரமாகப் பதிந்துவிட்டிருந்தபடியால், இந்தத் தவறான வாசிப்பும் அந்தச் சக்கரத்தில் ஓர் ஆரக்காலாகப் பொருந்திக்கொண்டது. ஊசியைக் குத்திச் சரிபார்க்க முனைந்தவர்கள் மிகச் சிலரே. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைச் சரிபார்ப்பதற்கு யாருக்குத்தான் மனம் வரும்?

இத்தனைக்கும், ஓய்வாயிருக்கும் தசை மின்சார ரீதியில் முழு மௌனமாயிருக்கிறது என்ற உண்மை 1950-களிலேயே ஸ்தாபிக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன், படுத்துறங்கும்போதும் தசைகளில் ஒரு மெல்லிய நரம்பெழுச்சி ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் அவை துவண்டுவிடாமல் விறைப்புடன் இருக்கின்றன என்று பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. நல்ல ஊசியும் நல்ல பெருக்கியும் வந்த பிறகு பார்த்தால், தளர்ந்து கிடக்கும் ஆரோக்கியமான தசையில் ஒன்றுமே இல்லை. அதன் விறைப்பெல்லாம் நாரும் நீரும் உறையும் சேர்ந்த ஜடப் பொருளின் குணமே தவிர, நரம்பு கொடுத்ததன்று. இதைவிட ஆச்சரியமான ஒன்றை லண்டனில் ஃப்ளாய்டும் சில்வரும் கண்டார்கள். நிமிர்ந்து நிற்பவன் மெல்லக் குனியத் தொடங்கும்போது அவனுடைய முதுகுத் தசைகள் கனமாக உழைக்கின்றன. குனியக் குனிய உழைப்பு கூடிக்கொண்டே போகிறது. ஆனால் முழுவதும் குனிந்து, கை தரையை நாடித் தொங்கும் அந்தக் கடைசி நிலையில், நாம் பளு மிக அதிகம் என்று நினைக்கும் அந்தத் தருணத்தில், தசைகளின் துடிப்பு திடீரென்று நின்றுவிடுகிறது. பாரத்தை முள்ளெலும்புகளைப் பிணைக்கும் நார்களும், இழுபட்ட தசையின் ஜடமான எதிர்ப்பும் ஏற்றுக்கொள்ள, நரம்பு கையை உதறிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறது. நாற்று நடுகிறவர்களும் களை எடுக்கிறவர்களும் அரை நாள் குனிந்து நிற்பதில் இந்த மௌனத்துக்கும் பங்கு இருக்க வேண்டும். நெடுநாள் இடுப்பு வலிக்காரர்களிடம் பெரும்பாலும் இந்த மௌனம் வருவதில்லை. எவ்வளவு குனிந்தாலும் அவர்களுடைய தசை காவலை விடாமல் துடித்துக்கொண்டே இருக்கிறது. ஆக, வலியுள்ள முதுகில் தசையின் நடத்தை மாறுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. எப்போது மாறுகிறது, எப்படி மாறுகிறது என்பதில்தான் சந்தேகமெல்லாம்.

முதுகுத் தசையை அளப்பது சொல்லுமளவுக்குச் சுலபமும் அன்று. தோலின்மேல் ஒட்டும் மின்முனைகள் மேலோட்டமான பெரிய தசைகளின் கூட்டுக் குரலைத்தான் கேட்கின்றன. விரலுக்கு விகாரமாகப் படும் சிறு தசைகளோ, முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று பிணைத்தபடி அடியிலே கிடக்கின்றன. நடுவில் தோலும் கொழுப்பும் வேறு. இவை போதாவென்று, இருதயத்தின் மின்துடிப்பு ஒவ்வொரு விநாடியும் முதுகுவரை வந்து பதிவில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போகிறது. ஒரு தசை பேச வேண்டிய இடத்தில் பக்கத்துத் தசையின் பேச்சும் கலந்து விழுகிறது. ஒருவனுடைய துடிப்பை இன்னொருவனுடையதோடு ஒப்பிட வேண்டுமானால், ஒவ்வொருவனும் தன் முழு பலத்தையும் பிரயோகித்தால் எவ்வளவு எழும் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கு இது எத்தனை சதவிகிதம் என்று கணக்கிட வேண்டும். வலியால் வருந்துகிறவனிடம் போய், "உன் முழு பலத்தையும் காட்டு" என்றால் அவன் எப்படிக் காட்டுவான்? வலிக்குப் பயந்து பாதியிலே நிறுத்துவான்; வகுக்கும் எண் சிறுத்துவிடும்; சதவிகிதம் ஊதிவிடும். அளவையில் தோன்றும் எழுச்சி தசையினுடையதா, கணக்கினுடையதா என்று பிரித்தறிவது பிறகு பெரும்பாடு.

இந்தத் தொல்லைகளுக்குப் பரிகாரமாக, மயிரிழை போன்ற இரண்டு கம்பிகளை ஊசித் துவாரத்தின் வழியே உள்ளே விட்டு, அவற்றின் நுனியை மீன் தூண்டில் போல் சிறிது மடக்கி, ஊசியை மட்டும் உருவிக்கொண்டு கம்பிகளைத் தசைக்குள்ளேயே தங்கவிடும் உபாயத்தை 1960-களில் கனடா நாட்டு உடற்கூற்றியலாளர் பஸ்மாஜியன் பிரசித்தப்படுத்தினார். மார்புக்குப் பின்புறத்து முதுகில் இதைச் செய்வதற்குக் கைத்தேர்ச்சி மிக வேண்டும். சற்று விலகினால் அங்கே நுரையீரல் இருக்கிறது. ஆகவே ஊசியை நடுக்கோட்டை நோக்கிச் சாய்த்து, முள்ளெலும்பின் தகட்டில் முட்டும்வரை செலுத்தி, அங்கே கம்பியை விட்டுவிட்டு வருவார்கள். குத்திய அதிர்ச்சியில் தசை சிறிது நேரம் படபடக்கும். அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த உபாயத்தோடு பழைய கேள்வியை மறுபடி கையில் எடுத்தவர் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து விக்டோரியா சர்வகலாசாலையைச் சேர்ந்த கேரி ஃப்ரையர். அவரும் ஓர் ஆஸ்டியோபதி வைத்தியரே. விரலை நம்பித் தொழில் செய்கிறவர். அவரும் அவருடைய கூட்டாளிகளும் முதலில், விரல் விகாரம் என்று காட்டிய இடங்களிலும் அவற்றுக்கு அருகேயுள்ள சாதாரண இடங்களிலும் அழுத்தமானியை வைத்து அழுத்தி, எந்த அழுத்தத்தில் வலி தொடங்குகிறது என்று பார்த்தார்கள். விகாரமான இடத்தில் குறைந்த அழுத்தத்திலேயே வலி எழுந்தது. விரல் பொய் சொல்லவில்லை. அடுத்ததாக அந்த இடங்களின் ஆழத்தில் கம்பிகளைச் செலுத்தினார்கள். டென்ஸ்லோவின் கர்க்ஸ்வில்லிலேயே, ஸ்டில்லின் பெயரைத் தாங்கிய ஆராய்ச்சி நிலையத்தில் நடந்து, 2010-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆஸ்டியோபதி சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வில், ஓய்வாகக் கிடக்கும் முதுகில், விரல் விகாரம் என்று சுட்டிய ஆழ்ந்த தசைக்கும் அதன் மேலும் கீழுமுள்ள சாதாரணத் தசைக்கும் இடையே மின் துடிப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் காணப்படவில்லை. விரலுக்குக் கயிறாகப் பட்டது. கம்பிக்கோ மௌனமாகப் பட்டது. சொந்த வைத்திய முறையின் ஆதாரமான நம்பிக்கையொன்றைச் சோதித்து, அது தேறவில்லை என்று அந்த முறையின் சஞ்சிகையிலேயே அச்சிட்டவர்களுக்கு நாம் எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும். பிறருடைய மூடநம்பிக்கையைச் சோதிக்க ஆள் எப்போதும் கிடைக்கும்; தன்னுடையதைச் சோதிக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

இதனால் விரல் தோற்றுவிட்டதா என்றால், இல்லை என்பதே என் கட்சி. தோற்றது விரலின் பிரத்தியட்சம் அன்று, விரலுக்குச் சொந்தக்காரருடைய அனுமானமே. கடினமாயிருக்கும் தசையெல்லாம் நரம்பால் சுருக்கப்பட்ட தசை என்று கொள்வதற்கு இயற்கை எங்கும் அத்தாட்சி கொடுக்கவில்லை. இறந்தவனுடைய உடம்பு சில மணி நேரத்தில் மரம் போல் விறைத்துப்போகிறது. அதைவிடக் கடினமான தசையை யாரும் தொட்டிருக்க முடியாது, அதைவிட மௌனமான தசையும் வேறில்லை. உயிருள்ளவர்களிடத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. 1951-இல் லண்டனில் ப்ரையன் மெக்கார்டில் என்னும் டாக்டர் வர்ணித்த பரம்பரை வியாதியில், நோயாளி சிறிது உழைத்தாலும் தசை இறுகிப் பூட்டிக்கொண்டு விரிய மறுக்கிறது. சாதாரணச் சதைப்பிடிப்பில் ஊசி பேரிரைச்சலைக் கேட்கும் என்றால், இந்தப் பூட்டிலோ ஒரு சத்தமும் கேட்பதில்லை. தசையைச் சுருக்கும் இயந்திரம், நரம்பின் கட்டளை இல்லாமலே, எரிபொருள் தீர்ந்த காரணத்தால் தானாகச் சிக்கிக்கொள்ளவும் கூடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். விரலுக்குத் தட்டுப்படும் விகாரம் இந்த ஜாதியைச் சேர்ந்ததாக இருக்கலாம். அல்லது தசை இழைகளுக்கிடையே தேங்கிய நீராக இருக்கலாம். உறைகள் ஒன்றோடொன்று வழுக்காமல் ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். வெறும் எலும்பின் அமைப்பு பேதத்தைத் தசையின் குற்றமாக விரல் எண்ணிவிடுவதும் உண்டு.

இந்த இடத்தில் ஓர் எதிர்க்கட்சியையும் கேட்டுவிட வேண்டும். ஜனாதிபதி கென்னடியின் இடுப்பு வலிக்குச் சிகிச்சை செய்து, பின் வெள்ளை மாளிகை டாக்டராகவும் நியமனம் பெற்ற ஜானட் டிராவல் அம்மையார், தசைகளில் பட்டாணி அளவான நோவு முடிச்சுகள் உண்டென்றும், அவற்றை அழுத்தினால் வலி தூரத்து அங்கங்களில் போய் ஒலிக்கிறதென்றும் ஆயுள் முழுவதும் போதித்தார். அத்தகைய முடிச்சுக்குள் ஊசியைக் குத்திப் பார்த்த ஹப்பர்ட், பெர்காஃப் என்ற இருவர், சுற்றியுள்ள தசை மௌனமாயிருக்க முடிச்சுக்குள் மட்டும் ஓயாத சலசலப்பு கேட்கிறதென்று 1993-இல் எழுதினார்கள். அகப்பட்டான் திருடன் என்று பலர் கொண்டாடினார்கள். நரம்பு வைத்தியர்களோ அசையவில்லை. நரம்பு தசையோடு வந்து கூடும் சந்தியில் ஊசி பட்டால் எந்த ஆரோக்கியமான தசையிலும் சங்கைக் காதில் வைத்தாற்போன்ற இரைச்சல் கேட்கும் என்பது அவர்கள் முதல் வருஷத்திலேயே படிக்கிற பாடம். முடிச்சில் கேட்டது அதுவேயா, அதன் மிகையா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தில் ஜெய் ஷா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், நுண்குழாய் ஊசியால் அப்படிப்பட்ட முடிச்சின் திரவத்தை உறிஞ்சிப் பார்த்தபோது, வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ரசாயனப் பொருள்கள் அங்கே மிகுந்திருக்கக் கண்டார்கள். எனக்கு இந்தச் சாட்சியத்தின்மேல் மதிப்பு அதிகம். விரல் தொட்ட இடத்தில் ஏதோ நடக்கிறது. நடப்பது மின்சாரமாக இல்லாமல் ரசாயனமாக இருக்கிறது.

இன்னொரு திசையிலிருந்து வந்த செய்தி, இறுக்கம் என்ற அனுமானத்தைத் தலைகீழாகவே கவிழ்த்தது. பிரிஸ்பேன் நகரத்தில் ஜூலி ஹைட்ஸ் அம்மையாரும் அவருடைய சகாக்களும் 1990-களில், முதல் தடவையாக இடுப்பு வலி கண்டவர்களின் ஆழ்ந்த முதுகுத் தசைகளை அல்ட்ராசவுண்ட் கருவியால் படம் பிடித்தார்கள். வலியுள்ள அதே பக்கத்தில், வலியுள்ள அதே மட்டத்தில் தசை மெலிந்து சிறுத்திருந்தது. வலி நீங்கிய பிறகும் அது தானாகப் பருக்கவில்லை. மிதமிஞ்சி உழைத்து இறுகிப் போயிற்று என்று நாம் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த தசை, உண்மையில் வேலையை விட்டு விலகி வாடிக்கொண்டிருக்கலாம். விரலுக்குக் கயிறாகப் படுவது, அந்த வாட்டத்தை ஈடுசெய்யத் தலைமேல் பளுவை ஏற்றுக்கொண்ட பக்கத்துத் தசையாக இருக்கலாம். பிடித்து இளக்க வேண்டியதை விட்டுவிட்டு, இளகிக் கிடப்பதை மேலும் பிடித்து இளக்குகிற சிகிச்சை எத்தனை இடங்களில் நடக்கிறதோ!

விரல்கள் தமக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை என்ற குறையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒரே முதுகை இரண்டு நிபுணர்கள் தனித்தனியே தொட்டுப் பார்த்து, தசையின் தன்மையைப் பற்றி எழுதிய குறிப்புகள் அடிக்கடி முரண்படுகின்றன. இந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2004-இல் வெளியான மதிப்புரை, இருவரும் மற்றவற்றைவிட அதிகமாக ஒத்துப்போவது, அழுத்தினால் நோயாளிக்கு வலிக்கிறதா என்ற விஷயத்தில்தான் என்று காட்டியது. அதாவது, நாம் தொடக்கத்தில் மந்தமானது என்று ஒதுக்கிய முதுகின் சாட்சியம், கூர்மையான விரலின் சாட்சியத்தைவிட உறுதியாக நிற்கிறது! தேர்ந்த விரல்களுக்கு இது சற்று நாணத்தைத் தரக்கூடிய செய்திதான். ஆயினும் நோயாளியைக் கேட்டுக்கொண்டே தொடுகிற விரலுக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

வார்த்தைகளுக்கு உடம்பின்மேல் அதிகாரம் உண்டு. "உன் முதுகுத் தசை இறுகிச் சுருண்டுவிட்டது" என்று வைத்தியர் சொன்னதைக் கேட்டுத் திரும்புகிறவன், அன்று முதல் குனிய அஞ்சுகிறான்; அஞ்சுகிறவனுடைய தசை குனியும்போது காவலை விடுவதில்லை; அந்த விழிப்பே களைப்பாகவும் நோவாகவும் முடியலாம். மின்கம்பி காணாத இறுக்கத்தை இப்படி வாய்ச்சொல்லே உண்டாக்கிவிடுகிறது. "இந்த இடம் மற்ற இடத்தைவிடக் கெட்டியாகப் படுகிறது, அழுத்தினால் உனக்கு நோகிறது" என்று தொட்டதை மட்டும் சொல்கிற வைத்தியருக்கு மருத்துவ அறிவு குறைந்துவிட்டதாக நாம் எண்ண வேண்டியதில்லை.

இதற்கிடையே, முதுகெங்கும் மின்முனைகளை வைத்து எடுத்து, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சாயம் தீட்டிய படம் ஒன்றை அச்சடித்துக் கையில் கொடுத்து, சிவந்த இடமெல்லாம் இறுகிய இடம் என்று விளக்கி, பல தவணைச் சிகிச்சைக்குப் பணம் கட்டச் சொல்கிற வியாபாரமும் அமெரிக்காவில் தழைத்திருக்கிறது. அங்கே தழைப்பவை இங்கே வந்து சேர அதிக காலம் பிடிப்பதில்லை. தோலின்மேல் வைக்கும் மின்முனைகளால் இடுப்பு வலியின் காரணத்தை நிர்ணயிப்பதை ஏற்பதற்கில்லை என்று அமெரிக்க நரம்பியல் அகாடமி 2000-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. அப்படிப்பட்ட வண்ணப் படம் ஒன்று உங்கள் கையில் கொடுக்கப்பட்டால், ஓய்வாகக் குப்புறப் படுத்திருந்தபோது எடுத்ததா, உட்கார்ந்திருந்தபோது எடுத்ததா, இருதயத் துடிப்பை எப்படி நீக்கினீர்கள், ஆழத்திலுள்ள தசையைத் தோலிலிருந்து எப்படிக் கேட்டீர்கள் என்ற கேள்விகளையெல்லாம் கேட்டுவிட்டு, பதில் திருப்தியாக இருந்தால் மட்டும் பணத்தைக் கட்டுங்கள்.